கடல் ஏறியதா, தரை இறங்கியதா? பவளத் தீவுகளைப் பற்றிய ஒரு நீண்ட சண்டை

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குக் கடலோரச் சாலையில் போனால் வலது பக்கம் முழுக்கக் கருங்கல்தான். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கல். நடுநடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் தடுப்புகள். மணலில் கால் வைத்து அலை வரைக்கும் நடந்து போகிற மாதிரியான கரை, அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது.

கொஞ்ச நாள் முன்னால் சின்னக்குப்பம் பக்கம் ஒரு டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "கடல் ஏறிடுச்சுண்ணா, பனியெல்லாம் உருகுதில்ல" என்றான் காலேஜ் படிக்கிற ஒரு பையன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போர் போட்டு போட்டு தண்ணி எடுக்கறாங்க, தரைதான் உள்ள போவுது" என்றார் கடைக்காரர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், அலைக்குப் பயந்து இரண்டு தடவை வீட்டை மேற்கே தள்ளிக் கட்டியவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கடலும் ஏறல, தரையும் எறங்கல. வர வேண்டிய மண்ணு வர்ல. அவ்ளோதான் நைனா."

வீட்டுக்கு வந்த பிறகும் இந்த மூன்று பதில்களும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. காரணம், அறிவியல் வரலாற்றில் கிட்டத்தட்ட இதே மூன்று பதில்களை வைத்துக்கொண்டு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. விஷயம் வேறு: பவளத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்பது. 1837இல் ஆரம்பித்த சண்டை, 2021இல்கூட ஒரு சுற்று நடந்திருக்கிறது. அதில் நம்ம லட்சத்தீவுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடம் உண்டு.

எண்ணூர்க் கடலில் பவளத் திட்டு கிடையாது. பவளத்துக்குத் தெளிந்த, வெதுவெதுப்பான, உப்பு குறையாத தண்ணீர் வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். இங்கே அடியில் ஓடுகிற மணல். மழைக்காலத்தில் கூவமும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டுகிற கலங்கல். ஆகவே கதைக்காகக் கொஞ்சம் தூரம் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அடியில் என்னதான் இருக்கு?

முதலில் புதிர் என்ன என்று பார்ப்போம். பவளம் என்பது ஒரு சின்ன உயிரி. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. செத்த கூட்டின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இப்படியே கட்டிக் கட்டித்தான் பவளத் திட்டு. நம்ம ஊர் மீனவர்கள் 'பார்' என்று சொல்வார்களே, கடலுக்குள் மீன் கூடுகிற பாறை, அந்த வகையில் ஒன்று.

இந்த உயிரியின் உடம்புக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அதுதான் வெயிலை வைத்துச் சமைத்து இதற்குச் சாப்பாடு போடுகிறது. அதனால் திட்டு கட்டும் பவளங்கள் வெளிச்சம் நன்றாகப் படுகிற ஆழத்தில்தான், பெரும்பாலும் 50 மீட்டருக்குள், செழிப்பாக வளரும்.

ஆனால் பெருங்கடலின் நடுவில் அட்டோல் என்ற வளையத் தீவுகள் இருக்கின்றன. (அட்டோல் என்ற சொல்லே மாலத்தீவு மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான்.) நடுவில் ஆழம் குறைந்த காயல், சுற்றி வளையமாகப் பவளத் திட்டு, அதன்மேல் அங்கங்கே மணல் தீவு. வளையத்துக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். 1836 ஏப்ரலில் 'பீகிள்' கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளுக்கு வந்தபோது கேப்டன் ஃபிட்ஸ்ராய் கயிறு விட்டு ஆழம் பார்த்தார். அலை உடையும் இடத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, 7,200 அடிக் கயிறு முழுக்க விட்டும் தரை தட்டவில்லை.

சரி, 50 மீட்டருக்குள் மட்டுமே வளரும் உயிரி, கிலோமீட்டர் கணக்கில் ஆழமான கடலிலிருந்து எப்படி எழும்பி நிற்கும்? எதன்மேல் நிற்கிறது? அதுவும் ஏன் வளையமாக?

அப்போது பெரிய பெயராக இருந்த சார்லஸ் லயல் என்ற புவியியலாளர் சொன்ன விடை: கடலுக்கடியில் எரிமலை வாய்கள் இருக்கின்றன, வாயின் விளிம்பில் பவளம் வளர்ந்தால் வளையம் வருமே! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில அட்டோல்கள் குறுக்களவில் பல பத்துக் கிலோமீட்டர். அத்தனை பெரிய எரிமலை வாய்கள், அத்தனையும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரே உயரத்தில் வரிசையாக நிற்குமா?

டார்வினின் பதில்: தரை இறங்குகிறது

கீலிங்குக்கு வந்த கப்பலில் இருந்தவர் 27 வயது சார்லஸ் டார்வின். அவர் இந்த யோசனைக்கு வந்தது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரு பவளத் திட்டைக்கூட நேரில் பார்ப்பதற்கு முன்னால் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1835 பிப்ரவரியில் சிலியின் கன்செப்சியோன் நகரத்தைப் பூகம்பம் உலுக்கியது. கரை சில அடி உயர்ந்து, பாறையில் ஒட்டியிருந்த மட்டிகள் தண்ணீருக்கு மேலே வந்து செத்துக் கிடந்ததை டார்வின் பார்த்தார். ஒரு கண்டம் இப்படி மெல்ல மெல்ல ஏறுமானால், அதற்கு ஈடாகக் கடலடி எங்கேயோ இறங்கத்தானே வேண்டும்?

அதே ஆண்டு நவம்பரில் தஹித்தி மலைமேல் ஏறி நின்று பக்கத்துத் தீவைப் பார்த்தார். நடுவில் மலை, சுற்றிக் காயல், அதைச் சுற்றித் திட்டு. அந்த மலையை மட்டும் அழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஓர் அட்டோல்.

விடை கிடைத்துவிட்டது. எரிமலைத் தீவு ஒன்று கடலுக்கு மேலே நிற்கிறது. அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. இது கரையொட்டிய திட்டு. தீவு மெல்ல அமிழ்கிறது. பவளம் வெளிச்சத்துக்காக மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகிறது. தீவு சுருங்கச் சுருங்க, கரைக்கும் திட்டுக்கும் நடுவே காயல் அகலமாகிறது. இது தடுப்புத் திட்டு. கடைசியில் மலை முழுதாக மூழ்க, வளையம் மட்டும் நிற்கிறது; இது அட்டோல். மூன்று வெவ்வேறு பொருள் என்று நினைத்தவை, ஒரே பொருளின் மூன்று வயசு. 1837இல் லண்டன் புவியியல் கழகத்தில் இதை வாசித்தார், 1842இல் புத்தகமாக வெளியிட்டார். பரிணாமப் புத்தகம் வருவதற்கு 17 வருஷம் முன்னால்.

எதிர்த்தவர்கள்: தரை இறங்கத் தேவையே இல்லை

அழகான விடைதான். ஆனால் ஆதாரம்? தரை இறங்கினால் தடயமும் தண்ணீருக்குள் போய்விடும். டார்வினுக்கே தெரிந்த பலவீனம் இது.

1860களில் கார்ல் செம்பர் என்ற ஜெர்மானியர் பசிபிக்கின் பலாவ் தீவுகளில், மூன்று வகைத் திட்டுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதையும், கடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் பழைய திட்டுகளையும் பார்த்தார். ஒரே இடத்தில் தரை ஏறவும் இறங்கவும் செய்யுமா என்பது அவர் கேள்வி. பிறகு 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பலில் இருந்த ஜான் மர்ரே 1880இல் முழு மாற்றுக் கோட்பாடே கொண்டுவந்தார். கடலில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் ஓயாமல் அடியில் மழை மாதிரி விழுகின்றன. கடலடி மேடுகளின் மேல் அவை குவிந்து குவிந்து பவளத்துக்கு எட்டும் உயரம் வந்ததும் பவளம் குடியேறுகிறது. நடுப்பகுதி நீரில் கரைந்து காயலாகிறது. ஆக, தரை இறங்கவே வேண்டாம். படிவு வந்து சேர்ந்தால் போதும்.

கவனியுங்கள்: டார்வின் "தரை இறங்குச்சு" கட்சி. மர்ரே "மண்ணு வருது, மண்ணு போகுது" கட்சி, நம்ம டீக்கடைப் பெரியவர் மாதிரி.

தீர்ப்பு எப்படித் தெரியும்? துளை போட்டுப் பார்க்க வேண்டும். 1881இல் அலெக்சாண்டர் அகாசிக்கு எழுதிய கடிதத்தில், பணம் கொழுத்த யாராவது கோடீஸ்வரர் பசிபிக், இந்தியப் பெருங்கடல் அட்டோல்களில் நூற்றுக்கணக்கான அடி துளை போட்டு மாதிரி எடுத்துத் தர மாட்டாரா என்று டார்வின் ஏங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். இதில் வேடிக்கை, கடிதம் வாங்கிய அகாசி சுரங்கத் தொழிலில் சம்பாதித்த நிஜக் கோடீஸ்வரர். மாலத்தீவு உட்பட உலகத்தின் திட்டுகளையெல்லாம் சொந்தச் செலவில் சுற்றிப் பார்த்தார். டார்வின் சொன்னது தப்பு என்பதே அவர் முடிவு. ஆனால் எழுத நினைத்த பெரிய புத்தகத்தை எழுதாமலே 1910இல் கப்பல் பயணத்தில் காலமானார்.

துளை போட்டது லண்டன் ராயல் சொசைட்டி. 1896 முதல் 1898 வரை மூன்று பயணங்கள், இடம் இன்றைய துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டி. 1,114 அடி, அதாவது சுமார் 340 மீட்டர் வரை போனார்கள். கடைசி வரைக்கும் சுண்ணாம்புக்கல்தான், எரிமலைப் பாறை வரவே இல்லை. "பாத்தீங்களா, ஆழம் குறைஞ்ச இடத்துப் பவளம் இவ்வளவு கீழே இருக்கு, தரை இறங்கியிருக்கு" என்றது ஒரு கட்சி. "நீங்க துளை போட்டது விளிம்புல, மேலேயிருந்து உடைஞ்சு சரிஞ்ச குவியலுக்குள்ள போட்டிருக்கீங்க" என்றது இன்னொரு கட்சி. அத்தனை செலவுக்கும் தீர்ப்பு இல்லை.

லட்சத்தீவுக்கு வந்த கேம்பிரிட்ஜ்காரர்

ஃபுனாஃபுட்டி முதல் பயணத்தில் போன ஸ்டான்லி கார்டினர் என்ற இளைஞர் அடுத்து நம்ம பக்கம் வந்தார். 1899இல் மினிக்காயில் தங்கி வேலை பார்த்துவிட்டு மாலத்தீவுக்குப் போனார். அந்தப் பயணத்தின் முடிவுகள் பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. அவரும் டார்வின் பக்கம் சாயவில்லை. பழைய நிலம் ஒன்றை அலையும் நீரோட்டமும் அரித்துத் தட்டையாக்கின, அதன்மேல் திட்டுகள் எழுந்தன என்பது அவர் பார்வை.

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மாலத்தீவில் பெரிய வளையத்தின் விளிம்பே சின்னச் சின்ன வளையங்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காயல். ஒவ்வொரு குட்டி வளையத்துக்கும் ஒரு குட்டி எரிமலை மூழ்கியதா என்ன?

இதற்கிடையே மூன்றாவது கட்சி வந்தது: "தரை இல்லை, கடல்தான் ஏறி இறங்கியது." 1910களில் ரெஜினால்ட் டேலி, பனியுகத்தில் தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாக நிலத்தில் தேங்கியதால் கடல்மட்டம் பெரிதும் இறங்கியது என்றார். அலைகள் தீவுகளைச் செதுக்கித் தட்டையாக்கின. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தத் தட்டுகளின் விளிம்பில் பவளம் வளர்ந்தது.

இப்போது டீக்கடையின் மூன்று கட்சிகளும் ஆஜர்.

1952: கருங்கல் கிடைத்தது

டார்வின் கேட்ட துளையைக் கடைசியில் போட்டுக் கொடுத்தது அணுகுண்டு. மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா வெடிச் சோதனைகள் நடத்தியது. அதையொட்டி நடந்த ஆய்வில், 1947இல் பிகினியில் 779 மீட்டர் போயும் சுண்ணாம்பே வந்தது. 1952இல் எனிவெடாக்கில் இரண்டு துளைகள், ஒன்றில் சுமார் 1,270 மீட்டர், இன்னொன்றில் சுமார் 1,400 மீட்டரில், எரிமலைக் கருங்கல்லைத் தொட்டன. அதற்கு மேலே இருந்த அத்தனையும் ஆழம் குறைந்த கடலில் உண்டான சுண்ணாம்பு. டார்வின் இறந்து 70 வருஷம் கழித்து அவர் பக்கம் தீர்ப்பு. அதே 1952 நவம்பரில் அதே எனிவெடாக்கில் முதல் ஹைட்ரஜன் குண்டு வெடித்து ஒரு தீவையே இல்லாமல் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தரை ஏன் இறங்குகிறது என்பதும் பிறகு புரிந்தது. எரிமலை தோன்றும்போது கடலடித் தட்டு சூடாக, உப்பிக்கொண்டு இருக்கும். அங்கிருந்து நகர நகரக் குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. நம்ம பக்கத்துக் கதை இது: சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பப் புள்ளியின் மேல் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. நகர்ந்த தடம்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கே நீளும் மலைத்தொடர். 1987இல் ஓர் ஆய்வுக் கப்பல் மாலத்தீவின் கிழக்கு விளிம்பில் துளையிட்டபோது, காற்றுவெளியில் ஓடி இறுகிய சுமார் 5.7 கோடி ஆண்டு வயதான எரிமலைப் பாறை கிடைத்தது. அதன் மேலே ஆழமற்ற கடலின் சுண்ணாம்புக்கல். ஒருகாலத்தில் தீவாக வெயில் காய்ந்த மலை அது.

அப்ப சண்டை முடிஞ்சுதா? இல்லை

கணக்குப் போட்டுப் பாருங்கள். எனிவெடாக்கின் அடிச் சுண்ணாம்புக்கு வயது 3 கோடி ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலத்தில் சேர்ந்தது சுமார் 1,300 மீட்டர். அதாவது ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். ஆனால் கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அது ஏறி முடிய எடுத்துக்கொண்டது 13,000 ஆண்டு போல. ஆயிரம் ஆண்டுக்குச் சராசரியாக 9 மீட்டர்!

தரையின் கடிகாரமும் கடலின் கடிகாரமும் ஒன்றில்லை. திட்டின் மொத்த உயரத்துக்குக் காரணம் டார்வின் சொன்னது. ஆனால் இன்று நாம் பார்க்கிற வளைய வடிவத்துக்குக் காரணம் அதுதானா?

2021இல் ஆந்த்ரே ட்ராக்ஸ்லர், ஸ்டெஃபான் ஜோரி என்ற இருவர் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது. கடல் இறங்கியபோது இந்தச் சுண்ணாம்புத் தட்டுகள் மேடைபோல வெளியே நின்றன. மழைநீரில் லேசாக அமிலம் உண்டு, சுண்ணாம்பைக் கரைக்கும். தட்டின் நடுவே நீர் தேங்கிக் குழியாகக் கரைந்தது, விளிம்பு மிஞ்சியது. கடல் திரும்ப ஏறியபோது பவளம் விளிம்பில் கட்டியது. கடந்த சுமார் 5 லட்சம் ஆண்டுகளில் இது பல சுற்று நடந்ததன் விளைவே இன்றைய அட்டோல் என்கிறார்கள். மாலத்தீவின் வளையத்துக்குள் வளையத்துக்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது: குட்டி எரிமலைகள் வேண்டாம், கரைந்த குழிகள் போதும்.

கடல் அசைந்த தடயம் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் போங்கள். அந்தக் கரையில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே செத்த பவளத் திட்டுகள் இருக்கின்றன. டேவிட் ஸ்டாடர்ட்டும், மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பவளங்களை ஆராய்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளையும் 1972இல் இதைப் பற்றி எழுதினார்கள். வயது சுமார் 4,000 ஆண்டு. இந்தியப் பெருங்கடலின் வேறு பல கரைகளிலும் அந்தக் காலத்து அடையாளங்கள் இருப்பதால், அப்போது கடல் சற்று உயரத்தில் நின்றது என்பதுதான் வலுவான விளக்கம்.

இதனால நமக்கு என்ன?

பழைய பஞ்சாயத்து என்று விட்டுவிட முடியாது. லட்சத்தீவில் 10 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். இந்த நிலம் பாறை இல்லை. அலை உடைத்த பவளத் துண்டு, கிளிமீன் கடித்து அரைத்துக் கழித்த மணல், நுண்ணுயிரி ஓடு, இவ்வளவுதான். வரவு நின்றால் நிலம் நிற்காது. பங்காரம் அட்டோலின் பரளித் தீவுகளில் ஒன்று ஏற்கெனவே கரைந்து போய்விட்டது.

ஆனால் கடல் ஏறினால் எல்லாத் தீவும் மூழ்கும் என்றும் சொல்லிவிட முடியவில்லை. ஃபுனாஃபுட்டி உள்ள துவாலுவில் 101 தீவுகளை வான்படங்களில் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் அங்கே கடல் ஏறியிருக்கிறது, ஆனால் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. சில தீவு சுருங்கியது, பல வளர்ந்தன. திட்டு உயிரோடு இருந்து மணல் கொடுத்துக்கொண்டே இருந்தால் தீவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். திட்டு செத்தால் முடியாது. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் லட்சத்தீவுப் பவளம் வெளிறிப்போனதுதான் அதனால் பெரிய கவலை.

மன்னார் வளைகுடாவில் சூடேறக்கூடக் காத்திருக்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போயின. வான் தீவு சுருங்கிக்கொண்டே போனதால், அதன் முன்னால் செயற்கைத் திட்டுகளைச் செய்து இறக்க வேண்டி வந்தது.

இப்போது திருவொற்றியூருக்குத் திரும்பலாம். நம்ம கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும்; வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வரவு செலவுக் கணக்கில் மிச்சம் வடக்குக்கு. 1870களில் மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரங்கள் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்கே ராயபுரத்திலிருந்து மேலே பட்டினி. ஓர் இடத்தில் கல் கொட்டினால் அந்த இடம் பிழைக்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு வடக்கே நகரும்.

ஆக, பெரியவர் சொன்னது சரி. பையன் சொன்னதும் பொய்யில்லை, கடல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். மணல் நின்றுபோனதன் விளைவு ஆண்டுக்கு மீட்டர் கணக்கில். இந்த இரண்டு கடிகாரத்தையும் குழப்பிக்கொண்டால் ஒரு வசதி உண்டு: "உலகமே சூடாகுது, நாம என்ன பண்றது" என்று கையை விரித்துவிடலாம். மணல்தான் காரணம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. தெற்கே தேங்கியதை அள்ளி வடக்கே போட முடியுமா, அடுத்த துறைமுகச் சுவர் யார் மணலை நிறுத்தும் என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த தடவை போனில் சென்னை வரைபடத்தைத் திறந்தால், செயற்கைக்கோள் படத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கரையையும் வடக்கே உள்ள கரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்துவிட்டு அந்தப் பெரியவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்த பாக்கறதுக்கு மேல போவணுமா? நாங்க கீழ நின்னே பாத்துட்டோமே" என்றார்.